மழைக்குக் காத்திருந்த பிரேக்

விளாத்திகுளம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் முப்பிடாதியின் வலது கால், எதிரே ஒரு மாடு தென்பட்டால் போதும், தரையை அழுத்தும். வளைவுக்குப் பாதி அழுத்தம், வேகத்தடைக்கு முழு அழுத்தம். அவர் காலடியில் தக்காளிக் கூடை வைத்திருந்த பெண் ஒருநாள் சத்தம் போட்டார்: "கூட நசுங்குது அண்ணாச்சி! டிரைவருதான் ஓட்டுதாருல்லா?"

"ஓட்டட்டும் தாயி. நிப்பாட்ட ஒரு ஆளு வேணும்லா?"

கோவில்பட்டியில் எட்டயபுரம் சாலையில் அவர் பட்டறை. பிரேக் வேலை மட்டும்தான். எஞ்சின் கோளாறு என்று யாராவது வந்தால், "ஓடாத வண்டியால ஒருத்தருக்கும் ஆபத்தில்ல, மெதுவாப் பாத்துக்கிடலாம்" என்று அடுத்த பட்டறைக்கு அனுப்பிவிடுவார். ஐம்பத்திரண்டு வயதில் இடது காது கொஞ்சம் மந்தம். ஆனாலும் தெருவில் போகிற லாரி கிறீச்சிடுவதை வைத்தே எந்தச் சக்கரத்தில் தேய்மானம் என்று சொல்வார். அவருக்கு எல்லோரும் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆலை முதலாளி சாமித்துரையும் அண்ணாச்சி, அந்த முதலாளியின் காரில் அடிபட்ட ஆட்டுக்காரர் பேச்சிராஜாவும் அண்ணாச்சி. முதலாளிக்கு இதில் வருத்தம் உண்டு.

அது அறுபத்தெட்டாம் வருஷத்துச் சீமைக் கார். இருவர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். போன வருஷ மழையில் பிரேக் போட்டதும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ள, சேற்றில் வழுக்கிப்போய் மூன்று ஆடுகளைக் கொன்றது. பேச்சிராஜாவின் தொடையெலும்பை முறித்தது. முதலாளி பட்டறைக்கு வந்தது பிரேக்குக்காக இல்லை, நெளிந்த பம்பரை நிமிர்த்த.

"அன்னைக்கு ராகுகாலம்லே. அவன் விதி, குறுக்க வந்துட்டான்."

"அதே ராகுகாலத்துலதான பின்னால வந்த பஸ்ஸு நின்னுச்சு? விதியில்ல அண்ணாச்சி, வீல் லாக்கு. ஏ.பி.எஸ். மாட்டாம இந்த வண்டிய நான் தொடமாட்டேன்."

சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கும் பிரேக் அது. பழைய காரின் மவுசே போய்விடும் என்று முதலாளி முனகினார். ஊரில் அந்தக் காரைத் தொடத் தெரிந்தவர் வேறு யாருமில்லை. முதலாளி ஒரு நிபந்தனையோடு இறங்கிவந்தார்: சோதனையில் ஒருமுறை வழுக்கினாலும் எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும், கார் பழையபடியே ரோட்டுக்குப் போகும்.

மதுரையில் நொறுங்கிக் கிடந்த ஒரு புதுக் காரிலிருந்து பம்ப்பும் கணினிப் பெட்டியும் வந்தன. சக்கரத்தின் வேகத்தை சென்சாருக்குச் சொல்லும் பல்வளையத்துக்கு அதில் நாற்பத்தெட்டுப் பல். இந்தக் காரின் சக்கரம் சிறியது. கணக்குப் போட்டு நாற்பத்துநாலு பல்லோடு லேத்தில் புதிதாகக் கடைந்தார். கரிசல் மண் பல்லிடுக்கில் அப்பியதும் சென்சார் பொய் சொன்னது. டிராக்டர் டியூபை வெட்டி வளையங்களுக்கு மறைப்புக் கட்டினார். "சக்கரம் என்ன சொல்லுதோ அத அப்படியே கேக்கணும். நடுவுல நாம பூந்து சமாதானம் சொல்லப்பிடாது."

ஆவணியிலேயே வேலை முடிந்தது. காரைத் தரவில்லை. "காஞ்ச ரோட்டுல எந்த வண்டியும் நிக்கும். கரிசலு நனையட்டும்."

"மழையையும் நீதான் பெய்ய வைக்கப்போறியாலே?" என்று முதலாளி தினமும் போனில் கத்தினார்.

ஐப்பசியில் பெய்தது. பேச்சிராஜா விழுந்த அதே இடம். வலப்பக்கச் சக்கரங்கள் தாரில், இடப்பக்கச் சக்கரங்கள் சேற்றில் என்று ஓட்டிவர வேண்டும். முப்பிடாதி முதலாளியைக் கூப்பிட்டார்.

"பேச்சிராஜா அண்ணாச்சி நின்ன இடத்துல இன்னைக்கு நீங்க நில்லுங்க. நான் ஓட்டிட்டு வாரேன்."

"ஏலே, வெளாடுதியா?" முதலாளி உடைமரத்துக்குப் பின்னால் போய்விட்டார். முப்பிடாதி வரச்சொல்லி வந்து கோலூன்றி நின்ற பேச்சிராஜா வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்படின்னா என் சாப்பாடு நிக்கட்டும்" என்று முப்பிடாதி தன் தூக்குச்சட்டியை அந்த இடத்தில் வைத்தார்.

அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக்கை ஓங்கி மிதித்தார். பெடல் காலுக்கடியில் துடித்தது. ஸ்டியரிங்கைத் திருப்பினார், கார் சொன்ன பேச்சைக் கேட்டது. சட்டியைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய் நின்றது.

இறங்கியவர் சட்டியைப் பார்க்கவில்லை. சேற்றருகே குத்தவைத்து உட்கார்ந்தார். பூட்டிய சக்கரமாக இருந்தால் சேற்றை ஒரேயடியாக வழித்துவிட்டுப் போயிருக்கும். இங்கே டயரின் வரிகள், அங்கங்கே லேசாக இழுபட்டு, கடைசிவரை பதிந்திருந்தன. ஓடிவந்த முதலாளி அந்தத் தடத்தின்மேல் கால் வைக்கப்போனார். முப்பிடாதி கையைக் குறுக்கே நீட்டி அவரை நிறுத்திவிட்டு, கோலை ஊன்றி மெல்ல வந்துகொண்டிருந்த பேச்சிராஜாவுக்குத் தடத்தைப் பார்க்க இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தார்.