வரிசை வாத்தியாரின் பேட்டி

பேட்டியின் நாற்பத்தோராம் பக்கத்தில், தான் சிரிக்காத ஓர் இடத்தில், பேராசிரியர் சிவப்பு மையால் ‘(சிரிக்கிறார்)’ என்று எழுதிச் சேர்த்தார். தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். போதாது என்று பட்டது. ‘வாய்விட்டு’ என்பதையும் முன்னால் செருகினார்.

பேட்டியைத் தட்டச்சு செய்து, தகவல் பிழை இருந்தால் திருத்தும்படி பேசியவருக்கே அனுப்பிவைப்பது அதை வெளியிடும் ஆய்விதழின் வழக்கம். இவரிடம் வந்தால் பதில்கள் மட்டுமல்ல, கேள்விகளும் திருந்தும். பேட்டி எடுத்த பெண் ‘அப்புறம்?’ என்று கேட்ட இடத்தில் எல்லாம் ‘இந்தப் பார்வை உங்களுக்கு எப்படி வாய்த்தது?’ என்று அவளை வியக்க வைத்துவிடுவார். "சுருக்கமா சொல்றேன்" என்று அவர் ஆரம்பித்தால் ஒலிப்பதிவு செய்பவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வார். மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை.

மாணவர்கள் வைத்த பெயர் வரிசை வாத்தியார். மனிதர்கள் வரிசையில் எப்படி நிற்கிறார்கள் என்பதுதான் இருபத்திரண்டு வருட ஆராய்ச்சி. பை எந்தத் தோளில் தொங்குகிறது, முன்னால் நிற்பவரின் பிடரியை எத்தனை முறை பார்க்கிறார்கள், எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. ஆள் மட்டும் வரிசையில் நின்றதில்லை. மருந்துக்கடை, ரயில் டிக்கெட், தபால் எல்லாம் மனைவி பொறுப்பு. "உள்ள நின்னா ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்" என்பார்.

நாலு பேருக்கு அவரைத் தெரியவைத்தது ஒரே ஒரு கருத்து. வரிசையில் நிற்பவருக்கு முன்னால் ஆள் குறைவதைவிட, பின்னால் ஓர் ஆள் வந்து சேர்வதில்தான் நிம்மதி. பாடநூலில் அதற்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இந்த முறை ஒரு வினை வந்தது. இரண்டரை மணி நேரம் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டிருந்த பெண் திடீரென்று, "நீங்க கடைசியா எப்போ சார் வரிசையில நின்னீங்க?" என்று கேட்டுவிட்டாள். களைப்பில் உண்மை வாய்க்கு வந்துவிட்டது. எழுபதாம் பக்கத்தில் அது அப்படியே கிடந்தது: "நான் எங்கம்மா நிக்கிறேன்? எங்க வீட்லதான் நிப்பாங்க. பின்னால ஒரு ஆள் வந்தாதான் மனசு ஆறுதுன்னு, ஆஸ்பத்திரியில நின்னுட்டு வந்து அவங்க சொன்னதுதான் இது."

அந்தப் பக்கத்தோடு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறிப்போனது. பிறகு அளவுகோலை வைத்து மூன்று வரிகளையும் நேராக அடித்தார். மேலே, ‘நீண்ட களஆய்வின் முடிவில் கண்டடைந்தேன்’ என்று எழுதினார். கோட்டுக்கு அடியில் எழுத்துகள் நன்றாகவே தெரிந்தன.

கல்யாணமான நாளிலிருந்து அவர் எழுத்தில் பிழை பார்ப்பது மனைவிதான். அன்றும் சமையலறை மேசையில், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தாள். எழுபதாம் பக்கத்தில் அவள் விரல் நின்றது. அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘கூட்டு அறிவு’ என்று தொடங்கும் ஒரு விளக்கம் கைவசம் தயாராக இருந்தது. அவள் கேட்கவே இல்லை. தாள்களை அடுக்கி, உறையில் போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. இன்னைக்கே தபால்ல போகணுமில்ல, நீங்களே போய் நில்லுங்க."

தபால் நிலையத்தில் பதினான்கு பேர். பதினைந்தாவதாக வாலில் போய் நின்றார். முன்னால் ஒருவர் குறைந்தார், இருவர் குறைந்தார்கள், எரிச்சல் மட்டும் குறையவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றார். தான்தான் இந்த ஊரிலேயே கடைசி மனிதன் என்று தோன்றியது. அப்போது குடையை மடக்கியபடி யாரோ ஓர் அம்மாள் வந்து அவர் பின்னால் நின்றாள். தோள் தானாக இறங்கியது. மூச்சு லேசாக வந்தது. மனைவி சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. இருபத்திரண்டு வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னது அன்றுதான் அவர் உடம்பில் ஏறியது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் தனியாக நின்றதை நினைத்தார்.

அவசரமாக உறையைப் பிரித்து எழுபதாம் பக்கத்தை உருவினார். சுவரில் வைத்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, ‘கண்டடைந்தேன்’ என்பதற்கு முன்னால் ‘நானே வரிசையில் நின்று’ என்று சேர்த்தார்.