வெல்லத்துக்கு அடங்காத இருமல்

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் கிரைண்டிங் பிரிவுக்காரர்களுக்கு ஷிஃப்ட் முடிந்ததும் ஆளுக்கொரு வெல்லக்கட்டி தருவார்கள். தொண்டையில் படிந்த தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று எல்லோருக்கும் அப்படியொரு நம்பிக்கை. எனக்கு இருமல் வந்தபோது சூப்பர்வைசர் இன்னொரு கட்டியைக் கையில் வைத்தார்.

"தூசி தம்பி. துன்னு, பூடும்."

எங்கே போனது? தொடங்கினால் மூச்சு விட இடமில்லாமல் இருமி, முகம் வீங்கி, கடைசியில் தின்ற வெல்லமும் சோறும் வெளியே வரும். லைனில் இன்னும் சிலர் இப்படித்தான் இருமிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் வெல்லம்தான் தின்றார்கள்.

படப்பையில் ஒரு டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, கக்குவான் இருமல் என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது.

"அது பச்சப்புள்ளைகளுக்குல்லா மேடம் வரும்?"

"பெரியவங்களுக்கும் ஸ்கூல் பசங்களுக்கும்கூட நெறைய வருது. சின்ன வயசுல போட்ட ஊசியோட பலம் கொறைஞ்சிடும். சாதா இருமல்னு விட்டுடறாங்க. உங்களுக்குக் கஷ்டம்தான், ஆனா கைக்குழந்தைக்கு ஒட்டுச்சின்னா உயிருக்கே ஆபத்து. மாத்திரை முடிஞ்சு நான் பாத்துச் சொல்ற வரைக்கும் குழந்தைங்க பக்கம் போகாதீங்க."

சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வாரம்தான் ஊரில் அக்கா மகனுக்குத் தொட்டில் போடும் விசேஷம். தாய்மாமன்தான் பிள்ளையைத் தூக்கித் தொட்டிலில் கிடத்த வேண்டும். அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

அக்காவிடம் போனில் சொன்னேன். "இருமலுக்காவாலே வராம இருக்கப் போற? ஊர்ல யாருக்கு இருமல் இல்ல? லீவு தரலன்னு சொல்லு, நம்புதேன்" என்று வைத்துவிட்டாள். அப்புறம் நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுத்தாள், இருமல் என்றதும் வைத்தாள்.

சேரப்பணஞ்சேரியில் என்னோடு அறையில் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இருமி முடித்துத் தலை நிமிரும்போது, தண்ணி வேணுமா என்று கேட்க ஆளில்லாத அறை இருக்கிறதே, அது பெரிய கொடுமை.

விசேஷத்தன்று காலையில் அக்காவே கூப்பிட்டாள். பெரியப்பா மகன் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டான் என்றாள். கோபம் அப்படியே இருந்தது. "மருமகன்ட்ட ஒரு வார்த்தை பேசு" என்று போனைப் பிள்ளையின் காதருகே வைத்தாள்.

வாயைத் திறந்தேன். வந்தது இருமல்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். மூச்சை இழுக்க இழுக்க உள்ளே போகவில்லை. அங்கே பிள்ளை வீறிட்டு அழுதது. எல்லாம் அடங்கியபோது அக்கா போனைத் தன் காதுக்கு எடுத்திருந்தாள்.

"ஏல" என்றாள். "நீ இப்ப வராத, என்ன."

அதை அவள் வாயிலிருந்து வரவழைக்கத்தான் அந்த வாரமெல்லாம் மன்றாடினேன். அவள் சொன்னதும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.