கால் ஆர்மோனியத்தை இயக்கிப் பார்த்தோம்

பயன்படாது என்று ஒரு பொருளை ஏலத்துக்கு விடுமுன், அதை இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நாற்காலியை எப்படி இயக்குவது என்று தெரியாததாலோ என்னவோ, நான் ஓய்வு பெற்ற கடலூர் அலுவலகத்தில் அந்த விதியை யாரும் தொடுவதில்லை. உடைந்த நாற்காலிகளோடு சேர்த்து, மனமகிழ் மன்றத்தின், மிதித்து வாசிக்கும் கால் ஆர்மோனியத்தையும் ஏலத்தில் போட்டிருந்தார்கள். ஏலம் எடுப்பவர் அதை வாசிக்கப் போவதில்லை. மரம் அடுப்புக்கு, பித்தளை எடைக்கு.

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் சின்னதாக ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறான். புவனகிரி நாடகக் குழு ஒன்று முழு நாடகத்துக்கும் இசை கேட்டு வந்தது. கம்ப்யூட்டரில் இருந்த ஆர்மோனியத்தைப் போட்டுக் காட்டினான். "பிளாஸ்டிக் டப்பாவ தட்டற மாதிரி இருக்கு, அசல் சத்தம் கெடச்சா கூப்புடு" என்று குழுத்தலைவர் எழுந்து போய்விட்டார். சுற்றுவட்டாரத்தில் அசல் என்று அவன் அறிந்தது எங்கள் மன்றத்துப் பெட்டி ஒன்றுதான்.

ஒருநாள் ஒலிப்பதிவுக்கு அனுமதி கேட்டு மனு கொடுத்தேன். நினைவூட்டினேன். மறுபடி நினைவூட்டினேன். ஆர்மோனியம் எந்தப் பிரிவுக்குச் சொந்தம் என்று முடிவாகும்வரை பதில் வராது என்பது எனக்குத் தெரியும். ஏலமோ அடுத்த வாரம். கண்காணிப்பாளர் அம்மாவை நேரில் போய்ப் பார்த்தேன்.

"இயக்கிப் பாத்தீங்களாம்மா?"

"அதெல்லாம் யாரு சார் பாக்கறாங்க? ஓடாதுன்னு எழுதியாச்சு."

"ஆடிட்ல கேட்டா?"

அந்தச் சொல்லின் மதிப்பு இன்னும் குறையவில்லை. சனிக்கிழமை காலை அவரே வந்து மன்றத்தைத் திறந்தார். அவரும் காவலாளியும் சாட்சிகள். இயக்கிப் பார்க்க என் மச்சான்.

துருத்தியில் இருந்த ஓட்டைக்கு சைக்கிள் ட்யூப் பஞ்சர் ஒட்டினான். மின்விசிறியை நிறுத்தினான். ஒரு மைக்கைப் பெட்டிக்குப் பின்னாலும், இன்னொன்றை மிதிக்கு அருகிலும் வைத்தான். மிதி கிறீச்சிட்டது.

"எண்ணெய் விடட்டா மச்சான்?"

"கைய வெச்சிடாதீங்க மாமா! அது இல்லன்னா இதுவும் டப்பாதான்."

ஒவ்வொரு கட்டையாக விரலால் அழுத்தி, துருத்தியை மெல்ல மிதித்து ஒருமுறை, வேகமாக மிதித்து ஒருமுறை எனப் பதிவு செய்தான். இவற்றைக் கோத்துக் கம்ப்யூட்டரில் எந்தப் பாட்டையும் வாசித்துக்கொள்ளலாமாம். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

கடைசியில் கண்காணிப்பாளர், "கொய்ங் கொய்ங்னு கேட்டுட்டு நா எப்பிடி எழுதறது தம்பி? பாட்டு ஒண்ணு வாசிங்க" என்றார். வாசித்தான். காவலாளி விசிலடித்தார். அதுவும் பதிவாகிவிட்டது. அழிக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். 'நன்றாக இயங்குகிறது' என்று கண்காணிப்பாளர் எழுதிக் கையெழுத்திட்டார். இயங்கும் பொருளை ஏலம் விட முடியாது. பெட்டி நாற்காலிகளைப் பிரிந்து மன்றத்திலேயே நின்றது.

சிதம்பரத்தில் குழுத்தலைவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் அவர் கால் தானாகத் தரையை மிதிக்க ஆரம்பித்தது. மச்சான் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். நாடகம் அவனுக்குக் கிடைத்தது.

என் மனுவுக்கும் பதில் வந்தது. மேற்படி கருவி இயங்கும் நிலையில் இல்லாததால் ஒலிப்பதிவுக்கு அனுமதி வழங்க இயலாது என்று தெரிவித்திருந்தார்கள். தபால் கைக்கு வந்த நாள், மாசி மகம். அன்று மாலை தேவனாம்பட்டினம் கடற்கரையில் திருவிழாவுக்கு அந்தக் குழுவின் நாடகம். ஒலிபெருக்கியில் அந்தக் கருவிதான், கிறீச்சோடு. தபால் கைக்கு வந்த நாள், மாசி மகம்.