அம்மா போய்வந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. அவர் உயிரோடிருந்தபோது உங்களிடம் சொல்ல முடியாத ஒன்றை, அவரே சொல்லச் சொன்னதால், இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில். மரவள்ளிக் காட்டில் வளர்ந்தவர், களமருதூருக்கு வாழ வந்த பிறகுதான் சேற்றில் இறங்கி நாற்று நடக் கற்றார். நானும் தம்பியும் பள்ளியில் படிக்கும்போதே அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன்பின் நடவு, களை, அறுப்பு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் எங்களை ஆளாக்கினார். துக்க வீட்டுப் பிள்ளைகளை அழைத்துவந்து சோறு போடாமல் அனுப்பமாட்டார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. அம்மா குடித்தார்.

இடுப்புவலிக்கு என்று கூட வேலை செய்தவர்கள் கொடுத்ததில் தொடங்கியது. பிறகு வலி இல்லாத நாளிலும் தேவைப்பட்டது. கொட்டகையில் எரு மூட்டைகளுக்குப் பின்னால் மறைத்து வைப்பார். வாடை தெரியாமலிருக்க எந்நேரமும் வெற்றிலை. எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கு வரன் பேசத் தொடங்கியதும் அம்மா தாமாகவே குடியை நிறுத்தினார். இரண்டொரு நாளில் கை நடுங்கியது. சுவரில் என்னவோ ஊர்கிறது என்று என்னைப் பிடித்துக்கொண்டார். பிறகு வலிப்பு வந்து அடுப்பருகே விழுந்தார். ஆட்டோவில் அவர் தலையை மடியில் வைத்திருந்தபோது, அம்மா பிழைக்கமாட்டார் என்றே நினைத்தேன்.

அப்படித் திடீரென்று விட்டதால்தான் வலிப்பு வந்தது, மருந்தோடுதான் விட வேண்டும் என்றார் மருத்துவர். தேறி வீடு திரும்பும் நாளில் செவிலியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் வாரம் ஒருநாள் கூடிப் பேசும் கூட்டம் உளுந்தூர்பேட்டையில் ஒன்றும் கள்ளக்குறிச்சியில் ஒன்றும் நடக்கிறது, ஊர் பேர் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றார்.

உளுந்தூர்பேட்டை என்றதுமே அம்மா முகம் மாறிவிட்டது. ஊர்க்காரர்கள் வந்துபோகும் இடம். சம்பந்தி வீட்டாரின் காதுக்கு எட்டினால் என்ன ஆவது? கள்ளக்குறிச்சி என்றால் வருகிறேன் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேருந்தில் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தியாகதுருகத்தில் இறங்கித் திரும்பிவிடலாம் என்றார். நான் அவர் கையை விடவில்லை.

கூட்டம் ஒரு தேவாலயத்தின் பின்புறக் கூடத்தில். வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார்.

"எல்லாம் ஆம்பள செருப்பா கெடக்குதே. நான் எப்பிடிம்மா உள்ள போவேன்?"

உள்ளேயிருந்து ஒரு பெரியவர் வந்து, மகளையும் கூடவே வைத்துக்கொள்ளலாம் என்றார். நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் எதிர் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தோம். எங்கள் ஊர்க்காரர். ஊரே நாள்தோறும் பார்க்கிற மனிதர்.

என் கல்யாணம் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அம்மா எழுந்தேவிட்டார். ஆனால் அந்த ஊர்க்காரரின் முகம் எங்களைவிட வெளுத்திருந்தது. அவரும் எழுந்தார்.

"நான் வேணா வெளிய போயிடட்டுங்களாக்கா? நீங்க இருங்க."

அம்மா சொன்னார்: "வேணாம்பா. நீயும் பயந்துக்கினுதான வந்திருப்ப. உக்காரு."

இருவரும் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். அம்மாவின் முறை வந்தபோது புடவை நுனியை முறுக்கிக்கொண்டே பேசினார். "நான் குடிக்கிறவங்க. எம் பொண்ணு எதிர்ல சொல்றதுக்கே பயமா இருக்குது" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அந்த ஊர்க்காரர் தலை குனிந்து அழுதுகொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுவதும் யாராவது வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டாலே எனக்குத் தூக்கிவாரிப் போடும். நடுவில் ஒருநாள், நாலு பேர் கூடியிருந்த இடத்தில் அந்த ஊர்க்காரரிடம் ஒரு வேலையாக அம்மா போக வேண்டியதாயிற்று. அவர் வழக்கமாகக் கேட்பதை மட்டும் கேட்டு அம்மாவை அனுப்பிவிட்டார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அம்மா அழுதார். என் திருமணமும் பேசியபடி நடந்தது.

வாரந்தோறும் கூட்டத்துக்குப் போய்வந்தும் பயம் மட்டும் அம்மாவை விட்டுப் போகவில்லை. உறவில் ஒரு காதுகுத்தின்போது மறுபடி குடித்துவிட்டார். அடுத்த ஞாயிறு கூட்டத்துக்குப் போக முதல்நாளைவிட அதிகம் பயந்தார். ஆனாலும் போனார். அதன்பின் தொடவே இல்லை. ஈரல் ஏற்கெனவே கெட்டிருந்தது. கடைசி நாட்களில் இருமல் மருந்து ஊற்றினால்கூட, "இதுல அது இல்லியே?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "நான் உசுரோட இருக்கறப்ப சொல்ல வேணாம், பயமா இருக்குது. போனப்புறம் எல்லாருக்கும் சொல்லிடு. என்னாட்டம் எவளாவது இருப்பா" என்றார்.

இதை அச்சிடத் தம்பி தயங்கினான். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை.

மருத்துவமனையில் துணையிருந்த சித்திக்கும், காரியத்துக்குக் கரியாலூரிலிருந்து இறங்கி வந்த மாமன்மாருக்கும், அந்தச் செவிலியருக்கும் எங்கள் நன்றி. அன்று பந்தலின் ஓரத்தில் நின்றிருந்த வெளியூர்க்காரர்கள் யார் என்று பலர் கேட்டீர்கள். அவர்கள் கள்ளக்குறிச்சிக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கும் நன்றி.

எங்கள் ஊர்க்காரரின் பெயரை நான் எழுதமாட்டேன். எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவருக்கும் இந்த மலரைக் கொடுத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்துவிடுவேன்.