நாலு கதவு தூரம்

எங்கள் யார்க்‌ஷயர் ஊரான ஓவர்டேலில், மேட்டுப் பக்கத்துத் தெருக்களுக்குத் தபால் போடும் பீட்டை எடுத்துக்கொள்ள எந்தத் தபால்காரனும் ஆசைப்பட்டதில்லை. ஆலைத் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய கல்வீடுகள், தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு வரிசை வரிசையாக மலை ஏறும். ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போக ஐம்பது அறுபது படிகள். 1984இல் நொரீன் அக்ராய்ட் வேலைக்குச் சேர்ந்தபோது, இரண்டே வாரத்தில் ஓடிவிடுவாள் என்று சொல்லி அந்த பீட்டை அவள் தலையில் கட்டினார்கள். அவள் இருபத்தாறு வருஷம் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் பீட் அதற்குப் பக்கத்தில். காலை ஐந்து மணிக்குத் தபால் நிலையக் கூடத்தில் தபால் பிரிப்போம். கடுந்தேநீர், சிகரெட் புகை, ரேடியோ. ஏழரைக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சேர்ந்தே மேடேறுவோம். பழைய தேவாலய முக்கில் அவள் இடது பக்கம், நான் வலது பக்கம். பிரிந்த பிறகும் அவள் சீட்டியடிப்பது எனக்குக் கேட்கும். பனி மூட்டமான நாட்களில் ஆளைப் பார்க்க முடியாது, சீட்டி மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும்.

அந்தத் தெருக்களில் அவளுக்குத் தெரியாத சமாச்சாரம் கிடையாது. பரீட்சை முடிவு வரும் நாளில் எந்த வீட்டுப் பெண் வாசலிலேயே நிற்பாள், எந்த வீட்டில் வக்கீல் கடிதத்தை மனைவி பார்க்காமல் கணவன் கையில் கொடுக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வீடு பலகாரமும் ஒரு சின்னக் கோப்பை ஷெர்ரி மதுவும் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் அவமரியாதை. அதனால் கடைசித் தெருவின் தபால் மட்டும் அன்றைக்கு வீடு மாறித்தான் போய்ச் சேரும். அந்தத் தெருக்காரர்கள் சிரித்துக்கொண்டே தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். இப்போது நினைத்தாலும் அந்த மனிதர்களை எனக்குப் பிடிக்கிறது.

2010 ஜனவரியில், உறைந்துபோன படிக்கட்டில் நொரீன் வழுக்கி விழுந்தாள். இடது கணுக்கால். எழுந்து, மீதி இருந்த நாற்பது வீடுகளுக்கும் தபாலைப் போட்டுவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். எலும்பில் முறிவு. கட்டுப் போட்டார்கள், எட்டு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. வலி மட்டும் போகவில்லை.

போகாதது மட்டுமில்லை, முழங்கால் வரைக்கும் ஏறியது. போர்வை பட்டாலே கொதிநீர் ஊற்றினது மாதிரி இருக்கிறது என்றாள். சில நாள் அந்தப் பாதம் ஊதா நிறமாகிவிடும், சில நாள் பனிக்கட்டி போலச் சில்லிட்டிருக்கும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. எலும்பு ஆறினாலும் நரம்புக்கு அது தெரிவதில்லை, இது ஆயுசுக்கும் இருக்கலாம் என்று ஒரு பெரிய டாக்டர் கடைசியில் சொன்னார். பீட்டை விட்டுக் கூடத்துக்குள்ளேயே வேலை கொடுத்தார்கள். நிற்க முடியவில்லை. 2012இல் ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டாள். நானும் தனியாக மேடேறப் பழகிக்கொண்டேன்.

அவள் புருஷன் ஜாக் முன்பே விட்டுப் போனவன், மகள் ஹேலி கடற்கரைப் பக்கம் ஃபைலியில் குடும்பமாக இருந்தாள். நொரீனிடம் ஒரு பழைய கார் இருந்தது, ஆட்டோமேட்டிக், இடது காலுக்கு வேலையில்லை, ஒரு நாளைக்கு ஒரு தடவை ஓட்டலாம். ஆனால் சந்தைக்குப் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம். கொஞ்சம் கொஞ்சமாகச் சந்தைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு வியாழக்கிழமை நானே கேட்டுவிட்டேன்.

"நீல அட்டைக்கு எழுதிப் போட வேண்டியதுதானே? சந்தை வாசல்லயே வண்டிய விட்டுடலாம்."

"அது நெஜமாவே முடியாதவங்களுக்குடா கீத்."

"அப்ப உனக்கென்ன, முடியுதா?"

"சக்கர நாற்காலியிலயா இருக்கேன்? போடா."

நடக்க முடியாதவர்கள் வாசலிலேயே வண்டி நிறுத்த அனுமதிக்கும் அந்த அட்டை சுலபமாகக் கிடைக்க வேண்டுமென்றால் முதலில் ஊனத்துக்கான அரசாங்க உதவித்தொகை கிடைக்க வேண்டும். நான் நச்சரித்து விண்ணப்பத்தை வரவழைத்தேன். நாற்பது பக்கம். உதவிக்கு வருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிட்டாள். தானே எழுதினாள். சமைக்க முடியுமா? சமாளிக்கிறேன். குளிக்க முடியுமா? சமாளிக்கிறேன். நடக்க முடியுமா? மெதுவாக, சமாளிக்கிறேன். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

நேரில் பார்க்கக் கூப்பிட்டார்கள். நொரீன் உதட்டுச் சாயம் போட்டுக்கொண்டு, தேவாலயத்துக்குப் போகும் கோட்டை மாட்டிக்கொண்டு, முந்தின நாள் முழுக்கப் படுத்துக் கிடந்து சேர்த்துவைத்த தெம்போடு போனாள். எதிரே இருந்தவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். யார்க்‌ஷயரில் பிறந்தவளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டால் ஒரே பதில்தான். "பரவால்ல கண்ணு, குறை ஒண்ணும் இல்ல."

ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. விண்ணப்பதாரர் உற்சாகமாகக் காணப்பட்டார். காரிலிருந்து உதவியின்றி நடந்து வந்தார். நன்றாக உடையணிந்திருந்தார். ஐம்பது மீட்டருக்கு மேல் நடக்கக்கூடியவர். ஆகையால் உதவித்தொகை இல்லை.

அதை எனக்குப் படித்துக் காட்டி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லா டிரஸ் பண்ணியிருந்தேனாம்டா! ஜாக் விட்டுட்டுப் போன பெறகு எந்த ஆம்பளையும் எனக்கு இப்படி எழுதினதில்ல." அதற்கப்புறம் மூன்று வாரம் கதவைத் திறக்கவில்லை. நான் பாலும் ரொட்டியும் வாசலில் வைத்துவிட்டு வருவேன்.

ஊர் நூலகத்தின் மாடியில் அப்போது இலவச ஆலோசனை மையம் ஒன்று இருந்தது. அங்கே பர்வீன் என்று ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், அவளுடைய அப்பா எங்கள் ஊர் ஆலையில் ராத்திரி ஷிப்டில் நூல் சுற்றியவர். நொரீனால் மாடி ஏற முடியாது என்றதும் பர்வீன் கோப்புகளோடு வீட்டுக்கே வந்தாள். உட்கார்ந்து நாற்பது பக்கத்தையும் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"இது யாரப் பத்தி எழுதியிருக்கீங்க நொரீன்?"

"என்னப் பத்திதான்."

"இல்லையே. உங்க பதிலப் படிச்சா நானே உங்கள ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்பிடுவேன். சமாளிக்கிறேன்னு பதினேழு எடத்துல எழுதியிருக்கீங்க. சமாளிச்சதுக்கு அப்புறம் என்ன ஆகுது? அதத்தான் கேக்கறாங்க."

"கையேந்தறாப்பல இருக்கு கண்ணு."

"எங்கப்பாவும் இப்படித்தான். நுரையீரல் பூரா பஞ்சு. டாக்டர் கேட்டா 'நல்லாருக்கேன் சார்'னுட்டு வருவாரு. போய்ச் சேந்துட்டாரு, நல்லாருக்கேன்னு சொல்லிக்கிட்டே."

நான் தேநீர் போடுகிற சாக்கில் சமையலறைக்குப் போனேன். அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"சரி, நடக்கறத எடுத்துப்போம். எத்தன மீட்டர் நடக்க முடியும்?"

"மீட்டரு யாருக்குத் தெரியும்?"

"யார்டு?"

"தெரியாதும்மா. நான் எதையும் அப்படி அளந்ததில்ல."

"பின்ன எப்படி அளந்தீங்க?"

நொரீன் சொன்னாள்: "கதவு. கதவ வச்சுதான். எங்க தெருவுல என் வாசல்லேருந்து நாலு கதவு போவேன். நாலாவதுல சுவரப் பிடிச்சுக்கிட்டு நின்னுடணும். நல்ல நாள்ல நாலு. மத்த நாள்ல ரெண்டு."

"முன்னாடி எத்தன கதவு?"

"ஐநூத்தி நாப்பது," என்றாள். "தினமும்."

தட்டோடு நான் உள்ளே வந்தபோது நொரீன் அழுதுகொண்டிருந்தாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பர்வீன் அவளைத் தேற்றவில்லை, பேனாவை மூடிவைத்துவிட்டுச் சும்மா காத்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "டேப் இருக்கா?" என்றாள். நான் வெளியே போய் அளந்தேன். நாலு கதவு பத்தொன்பது மீட்டர்.

பதினைந்து நாளைக்கு டைரி எழுதச் சொன்னாள் பர்வீன். எந்த மணிக்கு எழுந்தாள், எத்தனை மாத்திரை, எந்தச் செருப்பைப் போட முடியவில்லை, தலை குளித்த பிறகு எத்தனை நேரம் படுத்தாள் என்று ஒளிக்காமல் எழுத வேண்டும். நொரீன் திட்டிக்கொண்டே எழுதினாள். மறுபரிசீலனை கேட்டோம், மறுத்தார்கள். மேல்முறையீடு போட்டோம். நாள் குறிக்கவே பத்து மாதம் ஆனது.

அன்றைக்கு நான் லீவு போட்டுவிட்டு அவளை விசாரணைக்கு அழைத்துப் போனேன். நீளமான மேஜை, பின்னால் மூன்று பேர்: நீதிபதி அம்மா ஒருவர், டாக்டர் ஒருவர், சக்கர நாற்காலியில் ஒரு நடுவயதுக்காரர். பர்வீன் நொரீனுக்குப் பக்கத்தில், நான் பின்வரிசை. உதட்டுச் சாயத்தைப் பர்வீன் காரிலேயே துடைக்கச் சொல்லியிருந்தாள். "அது மட்டும் முடியாது," என்று நொரீன் மறுத்துவிட்டாள்.

"எப்படி இருக்கீங்க மிஸஸ் அக்ராய்ட்?" என்றார் டாக்டர்.

"பரவா..." என்று ஆரம்பித்தாள். பர்வீன் மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்திருப்பது எனக்குத் தெரிந்தது. "இல்ல டாக்டர். நல்லா இல்ல. நாலு வருஷமா நல்லா இல்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். குரல் தட்டையாக, விலாசம் வாசிப்பது மாதிரி. கதவுக் கணக்கைச் சொன்னபோது நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

"நாலாவது கதவு வந்ததும் என்ன செய்வீங்க?"

"கதவத் தட்டலாமான்னு தோணும்மா. உள்ள கூப்பிட்டு ஒரு நாற்காலி போடுவாங்களான்னு. அவங்க எல்லாருக்கும் என்னை நல்லாத் தெரியும். ஆனா தட்டினதில்ல. தபால் இல்லாம நான் எந்தக் கதவையும் தட்டினதில்ல."

எங்களை வெளியே உட்காரச் சொன்னார்கள். இருபது நிமிஷம். நொரீன் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை மூன்று தடவை படித்தாள். திரும்பக் கூப்பிட்டு, மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டதாக நீதிபதி சொன்னார். சக்கர நாற்காலிக்காரர் மட்டும் அவளைப் பார்த்து லேசாகக் கண்ணைச் சிமிட்டினார்.

அட்டை வந்தது மே மாதத்தில். கூடத்தில் மேட்டு பீட்டின் அடுக்கில் அந்த உறையைப் பார்த்துவிட்டு, அந்த பீட் பார்க்கும் டெபோராவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நானே போனேன். வாசலில் வைத்தே பிரித்தாள்.

"போட்டோவப் பாருடா. கொலக் கேஸ்ல பிடிச்ச மாதிரி இருக்கேன்."

"பரோல்ல விட்டிருக்காங்க. வா, சந்தைக்குப் போலாம்."

சந்தை வாசலில் அட்டைக்காரர்களுக்கான மஞ்சள் கோட்டுக்குள் வண்டியை நிறுத்தினோம். அவள் காலைக் கீழே வைத்ததுமே ஒரு பெரியவர் கையில் முட்டைக்கோஸோடு வந்துவிட்டார். "நல்லாத்தானே எறங்கற? இது முடியாதவங்க எடம், தெரியுமில்ல?"

நான் சண்டைக்குக் கிளம்பினேன். நொரீன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கார் கதவைப் பிடித்துக்கொண்டு அந்த மனிதரிடம் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்: போர்வை, ஊதா நிறம், மாத்திரை, செருப்பு, தலை குளித்தால் ஒரு மணி நேரம். டைரியில் எழுதினதெல்லாம் மனப்பாடமாக இருந்தது. பெரியவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கடைசியில், "என் பெண்டாட்டிக்கும் இடுப்பு வலி," என்றார். "என்ன செய்யறதுன்னே தெரியல." நொரீன் அவருக்குப் பர்வீனின் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் எங்கள் ஊரிலேயே இருந்தாள். மாடிப்படி முடியாமல் போனபோது ஹேலி அவளை ஃபைலிக்கு அழைத்துப் போய்விட்டாள். தரைத்தள வீடு, ஜன்னலில் கடல். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மாதம் ஒரு தடவை இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போவேன். கடற்சுவரை ஒட்டி அவள் அட்டைக்கான இடத்தில் வண்டியை நிறுத்தி, பொரித்த மீனும் வறுத்த உருளைக்கிழங்கும் மடியில் வைத்துச் சாப்பிடுவோம். காருக்குள் வினிகர் வாசனை அடுத்த மாதம் வரை போகாது.

போன தடவை ஒரே மழை. கரையில் ஒருத்தர் மழைக் கோட்டோடு நாய்க்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார்.

"யாரு மொதல்ல சோந்து போவாங்க, சொல்லு," என்றாள்.

"நாய்தான்."

"உனக்கு நாயப் பத்தியும் தெரியல, ஆம்பளையப் பத்தியும் தெரியல. வைப்பரப் போடு, பாக்கலாம்."

போட்டேன். பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து நிமிஷத்தில் அந்த மனிதர் போய்ச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.