கோடு போடும் செய்னுலாப்தீனும் கரையோரக் கிண்ணமும்

எங்கள் பந்தாட்டக் கழகத்தின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு ஊர் மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். என்னைப் பற்றியே எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கற்பிட்டித் துறையில் தலையில் மீன்கூடை சுமந்தவன், இன்று ஓர் ஐஸ் ஆலைக்கும் நான்கு லொறிகளுக்கும் சொந்தக்காரன். ஐஸ் ஹாஜியார் என்று கேட்டால் பாலாவிச் சந்தி வரைக்கும் வழி காட்டுவார்கள். ஆனால் என் கதை ஒரு மலருக்குள் அடங்காது. அடங்கக்கூடிய ஆளாகப் பார்த்து செய்னுலாப்தீனைத் தேர்ந்தெடுத்தேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அவனும் லேசில் அடங்குகிற ஆள் இல்லை என்று தெரிந்தது.

செய்னுலாப்தீன் பிறந்தது உச்சமுனைத் தீவில். ஒன்பது வயதில் அவனுடைய வாப்பா தோணியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் மைதானத்தில் ஒரு பந்தாட்டம் காட்டினார். எல்லாரும் பந்தைப் பார்க்க, இவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். உச்சமுனை மணலில் எதைக் கீறினாலும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். ஒரு வெள்ளைக் கோடு ஆட்டம் முடியும் வரைக்கும் அப்படியே கிடப்பதை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கண்டான்.

வளர்ந்து கற்பிட்டியில் மபாஸாவைக் கலியாணம் முடித்து, மைதானத்துக்குப் பின்னாலேயே குடிவந்தான். காலையில் உப்பளத்தில் வேலை, பின்னேரம் மைதானம். பந்து விளையாட மட்டும் வராது. அவன் காலுக்கு வந்த பந்து எப்போதும் வெளியேதான் போகும். ஆனால் கோடு போட அவனை விட்டால் ஆளில்லை. அடியில் ஓட்டை போட்ட ஒரு பிஸ்கட் டின், ஒரு தும்புக் கயிறு, இரண்டு முளை. இருபத்தேழு வருடமாகக் கூலி வாங்காமல் போடுகிறான். "கோடு செய்னுலாப்தீன்" என்றால்தான் ஊருக்குத் தெரியும். தபால்காரரும் அப்படித்தான் கேட்டு வருவார்.

இனி கிண்ணத்தின் கதை. கரையோர லீக்குகள் பதினாறும் மோதுகிற கரையோரக் கிண்ணத்தை இந்த வருடம் எந்த ஊரில் நடத்துவது என்ற கேள்வி வந்தது. நாங்கள் கேட்டோம். இன்னும் இரண்டு ஊர்கள் கேட்டன. ஒன்றில் பச்சைப் புல், இரவு ஆட விளக்கு. மற்றதில் வாசலிலேயே ரயில். எங்களிடம் இருந்தது மணலும், மீன்வலையில் கட்டிய கோல் வலையும், நானும்.

ஐந்து பேர் பார்வையிட வருவார்கள் என்று கடிதம் வந்தது. கூடவே ஆறு பக்கப் படிவம். மைதானம் எப்படி, அணிகள் எங்கே தங்கும், குடிதண்ணீர், கக்கூஸ், வைத்தியர், பாதை, பார்வையாளர் எப்படி நடந்துகொள்வார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி. ஒரு பெரிய பந்தாட்டத்தை ஓர் ஊருக்குக் கொண்டுவருவது பெண் பார்க்க வருகிறவர்களைச் சமாளிப்பது போலத்தான். எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். ஆட்டம் ஆவணியில். ஆவணியில் எங்கள் ஊர்க் காற்று ஆளைத் தள்ளும். அதனால் காற்றில்லாத பங்குனியில் வரச்சொல்லி நான்தான் பதில் போட்டேன். கதவில்லாத கக்கூஸுக்கு என் வீட்டு ஜன்னல் சீலையை எடுத்துத் தொங்கவிட்டேன். இது ஏமாற்று அல்ல, ஆயத்தம். இந்த ஆயத்தம் தெரிந்திருந்தபடியால்தான் நான் கூடையிலிருந்து லொறிக்கு வந்தேன்.

சுண்ணாம்பு மூட்டைகளை ஐஸ் ஆலையின் ஒரு மூலையில் நானே பத்திரமாக வைத்திருந்தேன். பார்வையிட வருவதற்கு முதல்நாள் செய்னுலாப்தீன் ஆலைக்கு வந்து நின்றான்.

"ஹாஜியார், சுண்ணாம்பெல்லாம் கல்லாப் போயிட்டு."

"எப்படிடா?"

"ஐஸ் தண்ணி ஊறி ஈக்குது. உளி வெச்சுக் கொத்தினாலும் வராது."

ஐஸ் உருகுவது ஐஸின் குணம். அதற்கு நான் என்ன செய்ய?

"இனி புத்தளத்துக்கு லொறி அனுப்பி எடுக்க நேரமில்ல," என்றேன்.

"உப்பளத்துல கழிவு உப்புக் குவிஞ்சு கிடக்குது. கேட்டு நாலு மூட்ட எடுக்கவா? தூளாக்கிப் போட்டா வெயிலுக்குச் சுண்ணாம்ப விட வெள்ளையாத் தெரியும்."

"போடு, போடு. வெள்ளையா இருந்தாக் காணும்."

மறுநாள் காலை பார்த்தேன். என் கண்ணே கூசியது. மணல் மைதானத்தில் அப்படி ஒரு வெள்ளைக் கோட்டை நான் கண்டதில்லை. வந்த ஐவருக்கும் இளநீர் கொடுத்து, மாலை போட்டு, ஊர்ப் பெருமையை அரைமணி நேரம் சொன்னேன். ஐவருக்கும் தலைவர் யசோதரன், திருகோணமலைக்காரர், முந்தி நடுவராக இருந்தவர். அதிகம் பேசமாட்டார். பார்த்துப் பார்த்துப் படிவத்தில் எழுதுவார். அப்படிப்பட்ட ஆட்களைக் கண்டால் எனக்குப் பயம்.

நாங்கள் மைதானத்தின் நடுவுக்கு வந்தபோதுதான் கழுதைகள் வந்தன.

கற்பிட்டிக் கழுதையைப் பற்றி வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும். யாருக்கும் சொந்தமில்லை, யாருக்கும் பயமுமில்லை. பாதையில் நின்றால் பஸ்தான் விலகிப் போகும். அவற்றுக்கு உப்பு என்றால் உயிர். அது எனக்கும் தெரியும், செய்னுலாப்தீனுக்கும் தெரியும், ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் கோடு என்று நினைத்தோமே தவிர, உப்பு என்று ஒருவரும் நினைக்கவில்லை.

ஏழு கழுதைகள். முதலாவது, மைதான மூலையில் கோனர்க் கொடியடியில் தலையைக் குனிந்தது. பிறகு கோட்டை நக்கிக்கொண்டே, கோட்டை விட்டு ஓர் அங்குலம் விலகாமல், கோல் கம்பம் வரைக்கும் நடந்தது. இரண்டு கழுதைகள் நடுவட்டத்தை ஆளுக்கு ஒரு பக்கமாகத் தொடங்கின.

யசோதரன் பேனாவை நிறுத்தினார்.

"ஹாஜியார், இவையளும் உங்கட கழகமோ?"

"இல்ல சேர்," என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். "பார்வையாளர்."

செய்னுலாப்தீன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினான். இந்தப் பக்கம் துரத்தினால் அந்தப் பக்கம் நக்கின. கடைசியில் ஒரு பெனால்டி பெட்டியை மட்டும் காப்பாற்றி, அதற்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அவன் வாழ்க்கையில் பிடித்த ஒரே கோல் அதுதான். ஊர்ப் பொடியன்கள் கைதட்டினார்கள். யசோதரன் போய், அளவுநாடாவை எடுத்து, மிஞ்சிய பெட்டியை அளந்தார். இரண்டு தரம் அளந்தார்.

எனக்கோ தலை கொதித்தது. எல்லாருக்கும் முன்னால் கத்திவிட்டேன்.

"செய்னு! இந்தக் கிண்ணம் கைவிட்டுப் போனா, இந்த மைதானத்துல நீ இனி ஒரு கோடும் போடத் தேவல்ல. வேற ஆள் பாத்துக்குவேன்!"

அவன் கையிலிருந்த டின்னைக் கீழே வைத்துவிட்டு, மணலைத் தட்டிக்கொண்டான். சுண்ணாம்பைக் கல்லாக்கியது என் ஆலைதான் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் தணிந்திருக்கும். சொல்லாததால் கூடியது.

பகல் சாப்பாட்டுக்குக் கழக மண்டபத்தில் பாய் விரித்து சஹன் வைத்தோம். பெரிய தட்டில் சோறும் கோழியும், அதைச் சுற்றி ஆறு பேர். எங்கள் விருந்து அப்படித்தான். ஆறு பேரும் உட்காராமல் மூடியைத் திறப்பதில்லை. வந்தவர்கள் ஐந்து பேர். ஆறாவது ஆளாக உட்கார்ந்து கெட்டுப்போனதை எல்லாம் கதையால் சரிக்கட்டுவது என்று நான் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

சமையல்கார நஸீர் சத்தம் போட்டார். "இந்த சஹனுக்கு ஒரு ஆள் கொறயுது! யாரு வாறது?"

"அந்தக் கோடு போட்டவர் எங்கே?" என்றார் யசோதரன். "அவரைக் கூப்பிடுங்கோ. அளவுநாடா இல்லாம இப்பிடி அளவு பிசகாமப் போட்ட ஆளோட ஒருக்காச் சாப்பிட வேணும்."

வாசலில் செருப்போடு நின்றவனை நஸீர் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். நான் அடுத்த சஹனில் அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதுகுதான் அந்தப் பக்கம், காது முழுக்க அங்கே.

"ஆவணியில காத்து எப்பிடி?" இது யசோதரன்.

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

"பத்து மணிக்குப் பிறகு பொல்லாத காத்து சேர்," என்றான் செய்னுலாப்தீன். "கோல் கீப்பர் அடிக்கிற பந்து திரும்பி வந்து அவருட தலையிலேயே விழும். காலம ஏழு மணிக்குத் தொடங்கினா ரெண்டு மேட்ச் ஒழுங்கா ஆடலாம்."

போச்சு என்று நினைத்தேன்.

"கக்கூஸ்?"

"ரெண்டு ஈக்குது. ஒண்டுக்குக் கதவில்ல. இண்டைக்குத் தொங்கிறது ஹாஜியார் வீட்டுச் சீல."

என் சஹனில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கச் சோற்றை வாயில் திணித்தார்கள்.

"சரி. பதினாறு அணி. எங்க படுப்பினம்?"

இதை விட முடியாது என்று நான் திரும்பி, "ஹோட்டல் ஈக்குது சேர்! எல்லா ரூமும் கடலப் பாத்த ரூம்!" என்றேன்.

"ஆவணியில அதெல்லாம் வெள்ளக்காரன் பிடிச்சிடுவான்," என்றான் செய்னுலாப்தீன், என்னைப் பார்க்காமலே. "காத்துல பட்டம் கட்டிக் கடல்ல ஓட வாறவங்க. ஆக்கள வீடுகள்ல போடலாம் சேர். உடப்புக்காரங்க மாட்டெறச்சி தின்னாத ஆக்கள், அவங்க வந்தா இன்னாசிப்பிள்ளை அண்ணனுட வீட்டுல. மாட்டெறச்சி சமைக்கிற சட்டி அங்க இல்ல. அண்ணனுட பொஞ்சாதி கத்தரினா அக்கா மீன் ஆக்கினா சட்டியையும் கேப்பாங்க. மன்னார்க்காரங்களுக்கு ஜுனைதா ராத்தாட வீடு. போன தரம் வந்த அவங்கட பின்னுக்கு ஆடுற பெக் ஒருத்தருக்கு ஃபேன் இல்லாம நித்திர வராது. அங்கதான் ஃபேன் ஈக்குது. திருகோணமல ஆக்கள் நெட்ட ஆக்கள். கட்டிலுக்கு வெளிய கால் நிக்கும். அவங்களுக்குப் பள்ளிவாசல் பக்கத்து வீடு, அங்க நிலத்துல பாய் போடலாம்..."

சோற்றில் கையை வைத்தபடியே பதினாறு அணிக்கும் வீடு சொன்னான். பத்து வருடத்துக்கு முந்தி ஒரு சின்னப் போட்டிக்கு வந்து போனவர்களின் வயிற்றுக்கோளாறு வரைக்கும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. யார் தோற்றுப்போய் அழுதார், அவருக்கு எந்த வீட்டில் வட்டிலப்பம் கொடுத்துத் தேற்றினார்கள் என்பதையும் சொன்னான். யசோதரன் எழுதவில்லை. இடது கையால் கோழித் துண்டை அவன் பக்கம் தள்ளப் போய், பழக்கம் ஞாபகம் வந்து வலது கையால் தள்ளினார்.

போகும்போது யாரும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. நான் கிண்ணத்தைக் கைகழுவிவிட்டேன்.

அடுத்த இரண்டு கிழமையும் செய்னுலாப்தீன் மைதானத்துப் பக்கம் வரவில்லை. வேறு ஆளைப் பார்த்தேன். அவர் போட்ட பக்கக் கோடு கடலுக்குப் போகிற நண்டு மாதிரி போனது. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் பந்து வெளியேயா உள்ளேயா என்று இரண்டு அணியும் சட்டையைப் பிடித்துக்கொண்டன. மபாஸா என் மனைவியிடம் வந்து சொல்லியிருக்கிறாள்: "ராத்தா, அவரு தின்ன இருந்தாச் சோத்துல விரலால கோடு கீறிக்கிட்டு ஈக்காரு. சோத்துக் கோப்பைய நான் பறிச்சு எடுக்க வேண்டி ஈக்குது." மனைவி அதை என்னிடம் சொல்லிவிட்டு, எனக்கு வைத்த தேத்தண்ணியில் சீனி போடாமல் விட்டாள். மறதி என்று நான் நினைக்கவில்லை.

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. மூன்றாம் வகுப்புப் படித்தவன் என்றாலும் கடிதத்தை நானே வாசிப்பேன். மைதானத்துக்குப் புள்ளி குறைவு. கக்கூஸுக்குப் புள்ளி என்று சொல்லவே முடியாது. ஆனால் தங்குமிடத்துக்கு முழுப் புள்ளி. அதற்குக் கீழே எழுதியிருந்தது: "குறைகளை மறைக்காமல் சொன்ன ஊர், விருந்தினரை நினைவில் வைத்திருக்கிற ஊர். ஆட்டங்களைக் காலை ஏழு மணிக்குத் தொடங்கலாம். புதிய கக்கூஸ் பன்னிரண்டு கட்டப்படவேண்டும்." கரையோரக் கிண்ணம் எங்களுக்கு.

புல்லும் விளக்கும் ரயிலும் உள்ள ஊர்களைத் தள்ளிவிட்டு எங்களிடம் வந்தது என்றால், இந்த ஊரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அதைப் பதிவு செய்துவிட்டு, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு செய்னுலாப்தீன் வீட்டுக்குப் போனேன். ஹாஜியார் ஒருவர் வீடு தேடிப் போவது ஊரில் சின்ன விசயமல்ல. முழுத் தெருவும் கதவைத் திறந்து பார்த்தது.

மபாஸா கதிரையை எடுத்துப் போட்டாள். "இரீங்க ஹாஜியார். கையில என்ன, இன்னும் ஏசிறதுக்கு எழுதிக்கொண்டு வந்தீங்களா?"

"கிண்ணம் நமக்குக் கிடைச்சிட்டு," என்றேன் உள்ளே பார்த்து. "சுண்ணாம்ப இனி என்ட வீட்டு ஹோலுக்குள்ள வெக்கிறேன். ஐஸ் பக்கம் கொண்டு போகமாட்டேன்."

என் எழுபத்தொரு வயதில் அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. அவனுக்கு அது போதுமாக இருந்தது. சிரித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"நாளைக்கு வாரேன் ஹாஜியார். அந்த நண்டுக் கோட்ட முதல்ல அழிக்கணும்."

"கோட்ட மட்டும் பாத்தாக் காணாது. வீடு பிரிக்கிற வேலையும் உனக்குத்தான். கடிதத்துல அதுக்குத்தான் முழுப் புள்ளி."

அவன் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தான். மகளின் பழைய பாடக் கொப்பியில் பதினாறு அணியும் பதினாறு வீடும். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத பதினைந்து நாளும் இதைத்தான் எழுதியிருக்கிறான். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தேன். நாலு அறை, நாலிலும் ஏசி, வாசலில் லொறி நிற்க இடம் உள்ள என் வீடு எங்கேயும் இல்லை.

"என்ட வீடு எங்கடா?"

செய்னுலாப்தீன் மபாஸாவைப் பார்த்தான். மபாஸா கூரையைப் பார்த்தாள்.

"ஆட்டக்காரங்க வெள்ளன எழும்பணும் ஹாஜியார். நீங்க உங்கட கதைய மீன்கூடையில தொடங்கி லொறிக்கு வந்து சேர ராவு ரெண்டு மணியாகும். அவங்க எப்ப படுக்கிறது?"

"அப்ப?"

"உங்கட வீட்டுல நடுவர்மார். அவங்களுக்கு ஏச்சுக் கேட்டு காது பழகி ஈக்குது. எவ்வளவு நேரமெண்டாலும் தாங்குவாங்க."

யோசித்துப் பார்த்தேன். கிண்ணத்தில் ஆட்டக்காரர்கள் இருநூறுக்கு மேல், நடுவர்கள் எட்டே பேர். எது பெரிய மரியாதை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரி என்று சொல்லிவிட்டு வந்து, நாலு அறைக்கும் புது மெத்தை சொல்லியிருக்கிறேன்.