வாசம் போன புகையைத் துரத்தி, பொங்கலூரிலிருந்து சோமனூருக்கு

போன மாசியில் சோமனூரிலிருந்து பெரியம்மா மகள் ஜெபா அக்கா போன் செய்தாள். தூத்துக்குடிப் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து பனியன் கம்பெனியில் தைக்கிறாள். ஆஸ்துமா உண்டு. "மத்தியானமானா மூச்சு முட்டுது. ஒரு வாசமும் இல்லையே, எல்லாம் மனப்பிரமைங்காரு உங்க அத்தான். நான் பொய்யா சொல்லுதேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். எனக்குக் கோவையில் காற்றுமாசு ஆய்வகத்தில் வேலை. காற்றில் மிதக்கும் நுண்துகள்களை அளக்கும் கையடக்கக் கருவி ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வாடகைக் கார், நாள் முழுக்க 1,900 ரூபாய். கிழக்குக் காற்று அடிக்கும் நாட்கள் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே அளக்கத் தொடங்கினேன்: காலை பத்து மணிக்குப் பொங்கலூர். அங்கே ஒரு காட்டில் (வயலைத்தான் இங்கே காடு என்பார்கள்) அறுவடைக்குப் பின் மிஞ்சிய மக்காச்சோளத் தட்டு எரிந்துகொண்டிருந்தது. "அள்ளிப் போட ஆளு கெடைக்கறதில்லீங்க. எனக்கும் இருமல்தானுங்க," என்றார் காட்டுக்கார அம்மா. அவரிடம் கோபப்பட முடியவில்லை. எனக்குக் கண் எரிந்தது. காற்று மேற்கே, சோமனூர்ப் பக்கம் அடித்தது.

பல்லடம் வழியாகச் சுமார் முப்பது கிலோமீட்டர். அங்கங்கே நின்று அளந்துகொண்டே போனோம். "ஏனுங்க, பொகையத் தொரத்திக்கிட்டா போறோம்?" டிரைவருக்குச் சிரிப்பு. பல்லடம் தாண்டியதும் வாசமே இல்லை, வானம் மட்டும் வெளிறியிருந்தது. "கரைஞ்சு போச்சுங்க," என்றார்.

கரையவில்லை. வெயில் பட்டதும் வாசம் தரும் ஆவிகள் வேதிமாற்றம் அடைந்துவிடுகின்றன. அவற்றில் ஒரு பகுதி புகையின் நுண்துகள்கள் மேலேயே போய்ப் படிகிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சற்றே பருக்கின்றன. ஆனாலும் நுரையீரலின் அடிவரை போகும் அளவுதான். இப்படி வெயிலில் வயதான புகை கூடுதலாக உறுத்தலாம் என்கிறார்கள்.

இரண்டு மணிக்கு அக்கா வீட்டில் கருவி காட்டிய அளவு, காலையில் கோவையில் பார்த்ததைப்போல் மூன்று மடங்கு. பொங்கலூர்ப் புகைதான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். வழியெல்லாம் எத்தனையோ தீ. கட்டிலில் குனிந்து உட்கார்ந்து அக்கா இழுத்து இழுத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

அத்தான் வாசலுக்குப் போய் முகர்ந்து பார்த்தார். திரும்பி வந்து கருவியைப் பார்த்தார். "காத்து வரட்டும், ஜன்னலத் தொறந்து வைன்னு தெனமும் நாந்தான சொன்னேன்," என்றார். ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவடை முடிந்த மாதங்களில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் இன்ஹேலரைக் கைப்பையிலேயே வையுங்கள். துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும். கூட வருபவருக்கு மூச்சுத் திணறினால், முகர்ந்து பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் அக்கா டாக்டரிடம் போனாள். அத்தான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார்.